சந்தைத் திடலில் ஒரு மைக்

அத்தியாயம் 14

போன வாரம் ஆரோக்கியத்தைத் திண்டிவனத்து மேடையில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். அங்கே அவள் என்னதான் பேசினாள் என்று கேட்டு வாசகிகள் சிலர் கார்டு போட்டிருக்கிறார்கள். மறைப்பானேன், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

வாசகர் வட்டத் தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். வாழ்த்துரை வழங்க வந்தவர் தன் மகனுக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை கிடைத்ததை அரை மணி நேரம் வாழ்த்தினார். கடைசியில், "நூலாசிரியை இரண்டு வார்த்தை பேசுவார்" என்றார்கள். ஆரோக்கியம் எழுந்தாள். மைக்கைப் பார்த்தாள். "வணக்கம், நன்றி" என்றாள். கேட்டது இரண்டு வார்த்தை, கொடுத்தாயிற்று என்பது போல உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனைக்கும் செஞ்சியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை ஓர் அதட்டலில் உட்கார வைக்கிற டீச்சர் அவள். நாலு வருஷம் லாந்தர் விளக்கில் உட்கார்ந்து எழுதிய 'மணப்பெண் எங்கே?' என்ற நாவலை மெட்ராஸ் பதிப்பகம் ஒன்று புத்தகமாகவே போட்டுவிட்டது. ஆனாலும் பெரியவர்கள் நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தால் போதும், அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பதிப்பகத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் விற்கிற இளையபெருமாள் அன்றைக்குத் திண்டிவனத்தில் இருந்தார். பஸ் ஏற்றிவிட வந்தவர், ஜன்னலோரம் நின்று சொன்னதைத்தான் ஆரோக்கியத்தால் மறக்க முடியவில்லை.

"கதை நல்லா வந்திருக்குதும்மா. ஆனா கட்டுப் பிரிக்காம கோடவுன்ல தூங்குது. எழுதினவங்களே வாயத் தொறக்கலேன்னா நான் எதச் சொல்லி விக்கிறது? வர்ற ஞாயித்துக்கிழமை திருவண்ணாமலையிலேர்ந்து திரும்பறப்போ செஞ்சியில எறங்கறேன். உங்க ஊர்ல ஒரு கூட்டம் போட்டுப் பேசிக் காட்டுங்க. பேசிட்டீங்கன்னா உங்க ரெண்டாவது நாவலை எடுத்துக்கச் சொல்லி மொதலாளிக்கு அன்னிக்கே எழுதறேன். பேசலேன்னா, மன்னிச்சுக்கோங்க, ரெண்டாவது நாவல் உங்க வீட்டுப் பெட்டியிலயே இருக்கட்டும்."

இரண்டாவது நாவல் எழுதி முடித்து, தைத்து, டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. அது வெளியே வருவதும் அங்கேயே கிடப்பதும் இனி ஆரோக்கியத்தின் வாயில்தான் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இதோ விடிந்துவிட்டது.

"அலைகடலெனத் திரண்டு வந்திருக்கும் ஆன்றோர்களே, சான்றோர்களே, தாய்மார்களே..."

மாட்டுக் கொட்டகையில் நின்று ஆரோக்கியம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தவை இரண்டு எருமைகள். அவற்றில் ஒன்றின் மடிக்குக் கீழே செம்போடு குந்தியிருந்தாள் அவளுடைய நாத்தனார் ராயம்மாள்.

"ஏ ஆரோக்கியம், நீ பேசறதக் கேட்டு மாடு பால அடக்கிக்குது. அந்தாண்ட போயேன்."

"ஒரே ஒரு தடவ அண்ணி. மனப்பாடம் ஆயிடும்."

"ஆன்றோர்னா யாரு?"

"பெரியவங்க அண்ணி."

"சான்றோர்?"

"அவங்களும் பெரியவங்கதான்."

"ஒரே ஆள எதுக்கு ரெண்டு தடவ கூப்புடறே? திரும்பிப் பாக்கலியா அவங்க?"

ராயம்மாள் வாய் அப்படித்தான். ஆரோக்கியத்தின் கணவன் யாகப்பனுக்குப் பதினைந்து வயது மூத்த அக்கா. கல்யாணம் ஆகாதவள், தம்பி வீட்டோடு இருக்கிறவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் செஞ்சிக் கடைத்தெருவில் பாதி டீக்கடைகள் அவள் ஊற்றுகிற பாலில்தான் ஓடுகின்றன. ஆரோக்கியத்தின் பிள்ளைகள் இரண்டும் அம்மாவிடம் பாடம் படித்து, அத்தையிடம் சோறு தின்று, அத்தையின் பாயில் தூங்கி வளர்கிறவர்கள்.

"சாயங்காலம் கூட்டத்துக்கு வருவீங்களா அண்ணி?"

"நான் வந்து இன்னா பண்ணப்போறேன்? படிச்சவங்க கூட்டம் அது. எனக்கு மாடு இருக்குது."

நியாயமாக ஆரோக்கியத்துக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. இந்த வாய்க்கு முன்னால் ஆன்றோரையும் சான்றோரையும் கூப்பிட யாரால் முடியும்?

யாகப்பனைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர். அவனுக்கு இருக்கிற குரலில் கால்வாசி மனைவிக்கு இருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. புத்தகம் வந்த நாளிலிருந்து அவன் தோல் பையில் டிக்கெட் புத்தகத்தோடு இரண்டு 'மணப்பெண் எங்கே?'யும் பயணம் செய்கின்றன. ஆலம்பூண்டி தாண்டியதும் ஆரம்பித்துவிடுவான். "டிக்கெட், டிக்கெட்! அண்ணே, சில்லறை இல்லியா? மிச்சத்துக்கு ஒரு கதைப் புஸ்தகம் தரட்டுமா? எங்க வீட்டுல எழுதினது. எறங்கறதுக்குள்ள நாலு பக்கம் படிச்சிடலாம்."

இதைக் கேள்விப்பட்ட அன்று ஆரோக்கியம் வெட்கத்தில் சோறு சாப்பிடவில்லை.

கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிப்பதிலும் இருவருக்கும் தகராறு. வாசகத்தை அவள்தான் எழுதிக் கொடுத்தாள். 'எளியேன் எழுதிய சிறு நாவலைப் பற்றிச் சில சொற்கள். அன்பர்கள் பிழை பொறுத்து வருகை தர வேண்டுகிறேன்.' யாகப்பன் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"எளியேன் எழுதின சிறு நாவலுக்கு எவன் வருவான்? பிழைய வேற பொறுக்கணுமா? விருந்துக்குக் கூப்புட்டு, கொழம்பு ஊசிப்போயிருக்கும், பொறுத்துக்கோங்கன்னா வருவானா?"

"நம்மளப் பத்தி நாமளே பெருமையா சொல்லிக்கிறது அசிங்கமா இருக்குதுங்க."

"எங்க பஸ்ஸு சுமாராத்தான் ஓடும், தயவு பண்ணி ஏறுங்கன்னு நான் கூவினா எவன் ஏறுவான்? நல்லா ஓடுற வண்டிய நல்லா ஓடுதுன்னு சொல்றதுல இன்னா அசிங்கம்?"

ஆனாலும் 'எளியேன்' மட்டும் நோட்டீசில் இருந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். யாகப்பன் சரி என்றான். சரி என்றவன் சும்மா இருந்தானா என்றால், இல்லை.

மத்தியானம் மூன்று மணி. ராஜகிரிக் கோட்டைப் பாறையில் பட்டுத் திரும்பிய வெயிலில் தெருவெல்லாம் காய்ந்துகொண்டிருந்தது. ஆரோக்கியம் பேச்சுக் காகிதத்தை ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ பார்த்துக்கொண்டிருந்தபோது தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டது. கூடவே தகரக் குழாயில் ஒரு குரல்.

"இன்று மாலை ஆறு மணிக்கு! சந்தைத் திடலில்! இன்றே கடைசி! மணப்பெண் எங்கே! மணப்பெண் எங்கே! சண்டைக் காட்சிகளும் கண்ணீர்க் காட்சிகளும் நிறைந்த மாபெரும் குடும்பச் சித்திரம்! குடும்பத்தோடு கண்டு களியுங்கள்!"

ஆரோக்கியம் வாசலுக்கு ஓடி வந்தாள். டூரிங் டாக்கீஸ் விளம்பர வண்டி. இரண்டு பக்கமும் தட்டி, உள்ளே பெரியதம்பி. படம் மாறுகிற நாளெல்லாம் செஞ்சியைச் சுற்றி வருகிற அதே பெரியதம்பி, அதே குழாய். நோட்டீசை அள்ளி அள்ளி வீசிக்கொண்டு வந்தான். வண்டிக்குப் பின்னால் பிள்ளைகள் கூட்டம் பறந்தது.

"நிறுத்துங்க! இன்னாங்க இது? இது சினிமா இல்லீங்க, கூட்டம்!"

பெரியதம்பி குழாயை இறக்கினான். "அப்படியா டீச்சர்? கண்டக்டரு வந்து வண்டிய எடுன்னாரு. பேரு மணப்பெண் எங்கேன்னாரு. படம்னுதான் நெனச்சேன்."

"நோட்டீஸ்ல போட்டிருக்குதே, பாக்கலியா?"

"நோட்டீஸ என்னிக்கு டீச்சர் நான் படிச்சேன்? வீசறதுதான் என் வேல. ஊரு பூரா இப்படித்தான் சொல்லிட்டு வந்தேன். இந்தத் தெருதான் பாக்கி."

'எளியேன்' தெருப் புழுதியில் கிடந்தாள். பிள்ளைகள் அவளைப் பட்டம் மடித்துக்கொண்டிருந்தார்கள்.

யாகப்பன் டிரிப் முடித்து வந்ததும் ஆரோக்கியம் பிடித்துக்கொண்டாள். "படம்னு நம்பி வர்றவங்க என்னக் கல்லால அடிப்பாங்க. கூட்டம் வேணாம், சொல்லிடுங்க."

யாகப்பன் முதலில் சிரித்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "நான் வண்டிதான் வச்சேன், படம்னு சொல்லச் சொல்லல. மாதா மேல சத்தியம். ஆனா ஒண்ணு கேளு. திண்டிவனத்துல உனக்காக எத்தினி பேர் வந்தாங்க? இருபது பேரு, அதுல பாதி தலைவரோட சொந்தக்காரங்க. இன்னிக்கு செஞ்சியே வரப் போவுது. வர்றவன் எதுக்கு வேணா வரட்டும். உக்கார வெக்கிறது உன் கையில இருக்குது."

ஆரோக்கியம் டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள். போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஆறு மணிக்குச் சந்தைத் திடலில் இடமில்லை.

சாக்கோடு வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்தவர்கள். பழக்க தோஷத்தில் மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் உட்கார்ந்தார்கள். டீக்கடை பெஞ்சுகள் நாலைச் சேர்த்து மேடை. புளிய மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி கொர்ரென்று இரைந்துகொண்டிருந்தது.

"தெர எங்கப்பா?"

"இருட்டுனாத்தான் கட்டுவாங்க."

"தர டிக்கெட் யாரு கிழிக்கிறது?"

இளையபெருமாள் புத்தகப் பையோடு பஸ் இறங்கி வந்து இதைப் பார்த்து அசந்துபோனார். "ஒரு கதை எழுதறவங்களுக்கு இத்தினி கூட்டமா! மெட்ராஸ்லகூட நான் பாக்கலியே!" யாகப்பன் அவரை அவசரமாக மேடை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான். யாரிடமும் பேச்சுக் கொடுக்க விடவில்லை.

பிறகு மைக்கைப் பிடித்தான். "உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி எடம் இருக்குது! பொம்பளைங்க இந்தப் பக்கம்! ரைட்! இப்ப டீச்சர் பேசுவாங்க."

"பேச்சு எதுக்கு? படத்தப் போடு!" என்று பின்னாலிருந்து விசில் வந்தது.

ஆரோக்கியம் பெஞ்சு மேல் ஏறினாள். காகிதத்தைப் பிரித்தாள். அலைகடலென என்று இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். உண்மையிலேயே திரண்டுதான் இருந்தார்கள். ஆனால் அதில் ஆன்றோர் என்று யாரையும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. சேற்றுக் காலோடு வந்தவர்கள், செங்கல் சூளையிலிருந்து நேராக வந்தவர்கள், அவளிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள். ஒருவரும் நாற்காலியில் இல்லை. எல்லோரும் தரையில், அவளுடைய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் போல முகத்தைத் தூக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

அவளுக்குச் சட்டென்று பயம் விட்டுப் போயிற்று. காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள்.

"எல்லாரும் உக்காருங்க!" என்றாள். வகுப்பில் போடுகிற அதே அதட்டல். விசிலடித்தவன் உட்பட உட்கார்ந்துவிட்டான். "மொதல்ல ஒரு உண்மையச் சொல்லிடறேன். வண்டிக்காரரு சொன்னது தப்பு. இங்க படம் கிடையாது."

திடல் கொதித்தது. தங்கராசு என்று ஓர் ஆள் எழுந்தே நின்றுவிட்டார். "தளவானூர் பஸ்ஸ விட்டுட்டு உக்காந்திருக்கேம்மா நானு! இது இன்னா அநியாயம்?"

"அநியாயந்தான் அண்ணே. நான் இல்லேன்னு சொல்லல. படம் இல்ல, ஆனா கதை இருக்குது. நான் எழுதின கதை." ஒரு மூச்சு விட்டாள். "நல்ல கதை. காமணி நேரம் கேளுங்க. நல்லா இல்லேன்னா நீங்களே எழுந்து போங்க. எங்க வீட்டுக்காரரு அடுத்த பஸ்ஸுல உங்கள டிக்கெட் இல்லாம ஏத்தி விடுவாரு."

சிரிப்பு எழுந்தது. யாகப்பன் மட்டும் சிரிக்கவில்லை, செக்கிங் இன்ஸ்பெக்டர் யாராவது கூட்டத்தில் இருக்கிறாரா என்று பார்த்தான்.

'நல்ல கதை' என்று தன் கதையைத் தானே சொன்னாளே, கவனித்தீர்களா? அவளும் கவனித்தாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"இந்தக் கதை எனக்கு பஸ்ஸுலேர்ந்து கெடச்சது. சீயமங்கலத்துப் பக்கத்துப் பெரியவரு ஒருத்தரு, எப்பவோ எங்கியோ ஒரு கோயில்ல நடந்ததுன்னு எங்க வீட்டுக்காரருகிட்ட ரெண்டு வரி சொன்னாரு. அந்த ரெண்டு வரிய நான் நாலு வருஷம் எழுதினேன். எங்க மாதா கோயில்ல ஒரு வழக்கம் இருக்குது. கல்யாணம் நிச்சயம் பண்ணா ஒடனே தாலி கட்டிட முடியாது. மூணு ஞாயித்துக்கிழமை பூசையில சாமியாரு ஓலை வாசிப்பாரு. இன்னார் மகன் இன்னார் மகளக் கட்டப்போறான், இதுக்குத் தடை இருக்குதுன்னு தெரிஞ்சவங்க எழுந்து சொல்லலாம்னு கேப்பாரு. பொறந்ததுலேர்ந்து நானும் கேக்கறேன். ஒருத்தரும் எழுந்து நான் பாத்ததில்ல."

"எழுந்தா கல்யாணச் சாப்பாடு போயிடுமே!" என்றது ஒரு குரல்.

"அதான் அண்ணே. உங்கள மாதிரி ஆளுங்கதான் எல்லாக் கோயில்லயும் இருக்கறாங்க."

கூட்டம் அந்த ஆளைப் பார்த்துச் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆரோக்கியத்துக்குத் தன் குரல் புளிய மரத்திலிருந்து வருவது பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் பிடித்திருந்தது.

அவள் சொல்லச் சொல்ல வேர்க்கடலை உடைக்கிற சத்தம் நின்றது. கதையில் பெண் பேர் சூசையம்மாள், மாப்பிள்ளை அந்தோணி. முதல் ஓலை வாசித்த அன்று பெண்ணின் அப்பா புது வேட்டியில் கோயிலுக்கு வந்தார். இரண்டாவது ஓலைக்குள் வீட்டில் நெல் அவித்துக் காய வைத்தாயிற்று, பந்தலுக்கு மூங்கில் வந்தாயிற்று. பெண் மட்டும் சோறு தின்னவில்லை. ஏன் என்று அம்மாவும் கேட்கவில்லை. கல்யாணப் பெண் கொஞ்சம் வாடினால்தான் அழகு என்று சொல்லிக்கொண்டார்கள்.

"பாவி மக்க!" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"மூணாவது ஞாயிறு. கோயில் நெறஞ்ச கூட்டம். ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். பொம்பளைங்க எல்லாம் முக்காடு போட்டு, தல குனிஞ்சு உக்காந்திருக்கறாங்க. சாமியாரு ஓலையப் பிரிச்சாரு. வாசிச்சாரு. தடை இருந்தா சொல்லலாம்னாரு. வழக்கம் போல ஒரு நிமிஷம் நிறுத்தினாரு. சரின்னு ஓலைய மடிக்கப் போறாரு. அப்போ, பொம்பளைங்க பக்கத்துலேர்ந்து, முக்காட்டுக்குள்ள ஒரு குரல்." ஆரோக்கியம் குரலைத் தாழ்த்தினாள். "'இருக்குது சாமி'ன்னுது."

நிறுத்தினாள்.

திடலில் ஒரு குழந்தை இருமியது. அவ்வளவுதான் சத்தம். அப்புறம் மொத்தமாகக் கிளம்பிற்று. "யாரு? யாரு அது?" "பொண்ணோட தங்கச்சியா இருக்கும்!" "மாமியாக்காரிதான், பந்தயம்!"

"மிச்சம் புஸ்தகத்துல இருக்குது" என்றாள் ஆரோக்கியம். "இதோ, மேடை ஓரத்துல கெடைக்கும்."

தளவானூர்த் தங்கராசுதான் முதலில் ஓடி வந்தார். யாகப்பன் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் புத்தகம் கொடுக்க ஆரம்பித்தான். இளையபெருமாளுக்குக் கண் விரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் புத்தகத்துக்கு ஆள் முண்டியடித்து அவர் பார்த்ததில்லை. மேடைப் பக்கம் வந்து ஆரோக்கியத்தைப் பார்த்து, "ஜெயிச்சிட்டீங்கம்மா!" என்றார்.

ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கும் தெரிந்தது. உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. இறங்கிவிடலாம் என்று காலைக் கீழே வைக்கப் போனாள்.

"ஏ ஆரோக்கியம், நில்லு."

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தவள் ராயம்மாள். கையில் காலிப் பால் கேன். கடைகளுக்கு ஊற்றிவிட்டு நேராக வந்திருக்கிறாள். எப்போதிருந்து உட்கார்ந்திருந்தாளோ தெரியாது.

"படிக்கத் தெரிஞ்சவங்களுக்குப் புஸ்தகம். எனக்கு?"

"அண்ணி, வீட்டுக்கு வந்து..."

"வீட்டுல நாலு வருஷம் எம் பக்கத்துல உக்காந்துதான் எழுதினே. வெளக்குக்கு எண்ண ஊத்தினவ நானு. புள்ளைங்க அழுதா உனக்குக் கேக்கக் கூடாதுன்னு தூக்கிக்கிட்டுத் தெருவுல நடந்தவ நானு. ஒரு நாளாவது, அண்ணி, இதுதான் கதைன்னு ஒரு வார்த்த சொன்னியா? ஊருக்குச் சொல்ற. எங்கிட்ட சொல்ல மாட்டே."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. ராயம்மாள் கோபமாகச் சொல்லவில்லை. ஆரோக்கியத்துக்கு முகம் எரிந்தது. யாருக்குப் புரியும் யாருக்குப் புரியாது என்று பார்த்துப் பார்த்து எழுதியவள், பக்கத்தில் இருந்தவளுக்குச் சொல்லலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லையே! அதுதான் உண்மை. வேறு சாக்கு இல்லை.

"எனக்குந்தான் படிக்கத் தெரியாது, சொல்லும்மா!" என்று இன்னொருத்தி குரல் கொடுத்தாள். பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

இளையபெருமாள் மேடையை ஒட்டி வந்து குரலை அடக்கினார். "வேணாம்மா. இங்கியே நிறுத்துங்க. முழுசாச் சொல்லிட்டா எவன் வாங்குவான்? இப்ப எறங்கினீங்கன்னா ரெண்டாவது நாவலுக்கு இன்னிக்கே எழுதறேன். சொல்லிட்டீங்கன்னா மொதலாளிக்கு எழுத எங்கிட்ட ஒண்ணும் இருக்காது."

ஆரோக்கியம் அவரைப் பார்த்தாள். டிரங்குப் பெட்டி நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது, நன்றாகவே வந்தது.

"வாங்கறவங்க வாங்கட்டும் சார்" என்றாள். மைக்கைத் திரும்பப் பிடித்தாள். "அண்ணி, உக்காருங்க. சொல்றேன்."

புத்தகம் வாங்கியவர்களும் போகவில்லை. கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

"அந்தக் குரல் தங்கச்சியோடது இல்ல. மாமியாரோடது இல்ல. எழுந்து நின்னது மணப்பொண்ணு சூசையம்மாதான். முக்காட்ட எடுத்தா. 'இந்தக் கல்யாணத்துக்குத் தடை நான்தான் சாமி, எனக்கு இஷ்டம் இல்ல'ன்னா. அப்பன் எழுந்திருக்கறதுக்குள்ள கோயில் வாசலத் தாண்டிட்டா. அதுக்கப்புறம் அவள ஒருத்தரும் பாக்கல. மணப்பெண் எங்கேன்னு ஊரே தேடுச்சு..."

திடல் முழுவதும் கை தட்டிற்று. "அப்படிப் போடு!" என்று ஒரு கிழவி சத்தம் போட்டாள். தங்கராசு புத்தகத்தாலேயே தொடையில் தட்டிக்கொண்டார்.

"தப்பு."

ராயம்மாள் உட்காரவே இல்லை. பால் கேனைக் கீழே வைத்தாள்.

"கத தப்பு ஆரோக்கியம். பொண்ணு எழுந்திரிக்கல. அந்தப் பொண்ணு அன்னிக்குக் கோயிலுக்கே வரல, காச்சல்ல கெடந்தா. பொம்பளைங்க பக்கத்துலேர்ந்து எழுந்து, இருக்குது சாமின்னு சொன்னவ நானு."

கை தட்டல் எப்போது நின்றதென்று தெரியவில்லை. யாகப்பன் கையில் நீட்டிய புத்தகம் நீட்டியபடியே இருந்தது. "அக்கா?" என்றான். அந்தப் பெரிய குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

"உனக்குத் தெரியாதுடா. அப்ப உனக்கு நாலு வயசு. அப்புறந்தானே நைனா நம்மளக் கூட்டிக்கிட்டு ஊர விட்டே வந்தாரு."

தன்னுடைய கதையின் நடு முதுகெலும்பை அண்ணி ஊர் முன்னால் ஒடித்துப் போட்டுவிட்டாள். ஆரோக்கியத்துக்கு அது தெரிந்தது. ஆனால் வலிக்கவில்லை. இருபத்தொன்பது வருஷமாக இவள் சொல்லாமல் வைத்திருந்ததை விடவா தன் நாவல் பெரிது? அவளுக்குக் கேட்க வேண்டும் போல இருந்தது. இந்தத் திடலில் இருக்கிற எல்லோரையும் விட அதிகமாக.

பெஞ்சிலிருந்து கீழே கை நீட்டினாள். "மேல வாங்க அண்ணி."

ராயம்மாள் புடவையை வரிந்துகொண்டு ஏறினாள். ஆரோக்கியம் மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கி, தான் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டாள்.

"கிட்ட வந்து பேசணுமா இதுல?"

"நீங்க எட்ட நின்னு பேசினாலே கேக்கும் அண்ணி."

கீழே இளையபெருமாள் பையை மூடிக் கையில் எடுத்திருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, யாரோ விரித்திருந்த சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

ராயம்மாள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. ஆரோக்கியத்தைத்தான் பார்த்தாள்.

"அந்தோணின்னு நீ பேரு வச்சியே, அவனுக்கு அந்தப் பொண்ணுக்கும் முன்னாடி, மொத ஓலை வாசிச்சது எம் பேரோட."